ஸ்கூபா பயிற்சி: இயங்கலைப் பாடத்தால் மிச்சமான நாள் எங்கே போகிறது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பருவமழை ஓய்ந்து கிழக்குக் கரைத் தீவுகளில், காற்றுக்கலனோடு கடலுக்குள் இறங்கும் ஸ்கூபா முக்குளிப்பைக் கற்றுத்தரும் மையங்கள் திறக்கும் காலம் நெருங்கினால், ‘பாடத்தை வீட்டிலேயே இயங்கலையில் முடித்துவிட்டு வாருங்கள், மூன்றே நாளில் சான்றிதழ்’ என்னும் விளம்பரங்கள் கைப்பேசியில் வரத் தொடங்கிவிடுகின்றன. பினாங்கிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் நம் இளைஞர்கள் பலர் இதில் சேர்வது மகிழ்ச்சிக்குரியது. ஆயினும், பணம் கட்டுவதற்கு முன் அவர்களும் பெற்றோரும் கவனிக்க வேண்டிய சில உள்ளன.

பாடத்தின் தரத்தில் எனக்குக் குறையில்லை. 1966-இல் தொடங்கப்பட்ட ‘பாடி’, 1970-இல் தொடங்கப்பட்ட எஸ்.எஸ்.ஐ. ஆகிய முக்குளிப்புப் பயிற்சி அமைப்புகளின் தொடக்கநிலைப் பாடங்கள் தெளிவாகவே அமைந்துள்ளன. படகுப் பயணத்தின் களைப்போடு தங்கும் விடுதியின் மூலையில் அமர்ந்து கேட்பதைவிட, வீட்டில் நிதானமாக, புரியாததை இரண்டாம் முறையும் படித்துத் தெரிந்துகொள்வது நல்லதே. என் கேள்வி, இதனால் மிச்சமான நேரத்தைப் பற்றியது. வகுப்பறைக்குச் செலவான அந்த நேரம், மாணவருக்குக் கூடுதல் பயிற்சியாகத் திரும்பி வருவதில்லை. பல இடங்களில் பயண நாள்களிலிருந்து அப்படியே கழிக்கப்பட்டுவிடுகிறது. பயிற்றுநர் தேர்ச்சிக் குறிப்பை ஒருமுறை பார்த்துவிட்டு மாணவரை நேரே தண்ணீருக்கு அழைத்துச் செல்கிறார். ‘பாடி’யின் இறுதித் தேர்வில் 50 வினாக்கள், 75 விழுக்காடு பெற்றால் தேர்ச்சி. அதாவது 12 விடைகள் தவறினாலும் தேறிவிடலாம். அந்தப் பன்னிரண்டும் எவை என்பதைத்தான் பயிற்றுநர் முதலில் கேட்க வேண்டும்.

இயற்பியல் கற்பித்தவன் என்பதால் ஒன்றைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. ஆகவே 10 மீட்டரில் மேற்பரப்பைப் போல இரு மடங்கும், 20 மீட்டரில் மூன்று மடங்கும் அழுத்தம் இருக்கும். நான்காம் படிவ மாணவர் எவரும், அழுத்தம் குறையக் குறையக் காற்று விரியும் என்னும் பாயில் விதியைக் கொண்டு இதற்குரிய கணக்கைப் போட்டுவிடுவார். ஆனால் 20 மீட்டரிலிருந்து 10 மீட்டருக்கு ஏறும்போது நுரையீரலில் அடைபட்ட காற்று ஒன்றரை மடங்காகத்தான் விரிகிறது, கடைசி 10 மீட்டரிலோ அது இரு மடங்காகிறது என்பதையும், மேற்பரப்பின் வெளிச்சம் தெரிந்து மனம் நிம்மதியடையும் அந்த இடத்தில் மூச்சை அடக்கிக்கொண்டு ஏறுவதே நுரையீரலைக் கிழித்துவிடக்கூடும் என்பதையும் சரியான விடையைத் தொட்ட அனைவரும் உணர்ந்திருக்கிறார்களா? கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்து மூக்கில் ஏறும் நேரத்தில் பதற்றத்தோடு மேலே பாயத் தோன்றுவது இயல்பு. அப்போது கைகொடுப்பது, பயிற்றுநர் எதிரே அமர்ந்து ‘ஏன்?’ என்று கேட்க, மாணவர் தம் சொந்தச் சொற்களில் விளக்கிச் சொன்ன அந்த ஒரு மணி நேரம்தான். நீச்சல் குளத்தில் ஐந்து பயிற்சிகளும் கடலில் நான்கு முக்குளிப்புகளும் கொண்ட இப்பயிற்சியில் அதற்கு இடமில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

அடுத்தது மருத்துவப் படிவம். ஆஸ்துமா, நீரிழிவு, இதயக் கோளாறு, அன்றாடம் உட்கொள்ளும் மருந்துகள் ஆகியவற்றைப் பற்றி அது கேட்கிறது; சில கேள்விகளுக்கு ‘ஆம்’ என்றால் மருத்துவரின் கையொப்பம் வேண்டும். நீரிழிவு மிகுந்த நம் சமூகத்தில் இதை அலட்சியப்படுத்த முடியாது. ஆனால் மாணவர் பலர் இப்படிவத்தை முதன்முதலாகப் பார்ப்பது தீவில் இறங்கிய பிறகுதான். பணம் கட்டியாயிற்று, விடுப்பும் எடுத்தாயிற்று, படிவத்தில் கையெழுத்திட அருகில் மருத்துவர் இல்லை. எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்று குறியிடுவதைத் தவிர அவர் வேறென்ன செய்வார்? இயங்கலைப் பாடத்துக்கான கடவுச்சொல்லை அனுப்பும் அன்றே படிவத்தையும் அனுப்பி, விடை வந்த பிறகே பயண முன்பதிவை உறுதிசெய்வது மையங்களுக்குப் பெரிய வேலையன்று.

பத்து வயது நிரம்பிய பிள்ளைகளும், 12 மீட்டர் ஆழத்துக்குள், இப்பயிற்சியில் சேரலாம். நம் வீடுகளில் பிள்ளையின் இயங்கலைப் பாடத்தை உண்மையில் யார் முடிக்கிறார்கள் என்பது பெருந்தொற்றுக் காலத்திலேயே ஊரறிந்த செய்தி. கணிதப் பயிற்சிக்கு அப்பா விடை சொல்லிக்கொடுத்ததால் பெரிய கேடு ஒன்றும் வந்துவிடவில்லை. இங்கே அப்படி விட்டுவிட முடியாது.

இறுதியாக, பினாங்கு வாசிகளுக்கே உரிய ஒன்று. பல முறை முக்குளித்தவர் விமானம் ஏறுவதற்கு முன் குறைந்தது 18 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்று பாடம் சொல்கிறது. உடலில் கரைந்துள்ள நைட்ரஜன், வெளியழுத்தம் குறைந்தால் குமிழிகளாகக்கூடும் என்பதே காரணம். காரில்தானே திரும்புகிறோம், இது நமக்கில்லை என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் பெர்ஹெந்தியான் தீவிலிருந்து கோல பெசுட் வழியாகப் பட்டர்வொர்த்துக்குத் திரும்புவோர் ஜெலி–கிரிக் நெடுஞ்சாலையில் தித்திவங்சா மலைத்தொடரைக் கடக்கிறார்கள். அச்சாலை 1000 மீட்டருக்கும் மேலே ஏறுகிறது. முக்குளிப்புக் கணக்கில் 300 மீட்டரைத் தாண்டினாலே அது உயரமான இடம். உலகம் முழுமைக்கும் எழுதப்பட்ட பாடத்தில் நம் கிரிக் சாலை இருக்காது. அதைச் சொல்ல வேண்டியவர் உள்ளூர்ப் பயிற்றுநர்தான். காலையில் கடைசி முக்குளிப்பை முடித்து, நண்பகல் படகில் கரையேறி, மாலையில் மலையேறும் பயணத் திட்டங்களை ஏற்பாட்டாளர்கள் கைவிட வேண்டும். கடைசி முக்குளிப்பைப் புறப்படும் நாளுக்கு முதல் நாளே முடித்துக்கொண்டு, அதற்காகக் கூடும் ஓர் இரவுத் தங்கல் செலவையும் விளம்பரத்தில் குறிப்பிடும் கட்டணத்திலேயே சேர்த்துச் சொல்லிவிடலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
பட்டர்வொர்த், பினாங்கு.