எங்கள் செல்லப்பிராணி வளர்ப்போர் சங்கத்தின் 2025ஆம் ஆண்டறிக்கை

தலைவர் அய்யா அவர்களுக்கும், துணைத் தலைவர் அம்மா அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் தண்டையார்பேட்டை வரை வந்து சேர்ந்த உறுப்பினர்களுக்கும் வணக்கம். 2025 ஜனவரி முதல் டிசம்பர் வரை நம் சங்கம் செய்த வேலைகளைப் பொதுக்குழு முன் வைக்கிறேன்.

வழக்கமான நிகழ்ச்சிகளை முதலில் சொல்லிவிடுகிறேன். குடியரசு தினத்தில் கொடியேற்றி இனிப்பு வழங்கினோம். கோடையில் கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, கொடுங்கையூர் தெருக்களில் தண்ணீர்த் தொட்டிகள் வைத்தோம். செப்டம்பர் 28 உலக வெறிநோய் தினத்தையொட்டித் தடுப்பூசி முகாம் நடந்தது. ஆண்டுச் சுற்றுலா, போதிய பேர் சேராததால் கைவிடப்பட்டது. காலமான மூத்த புறா வளர்ப்பாளர்கள் இருவருக்கும் சங்கத்தின் அஞ்சலி.

இனி இந்த ஆண்டின் முக்கிய வேலைக்கு வருகிறேன். நமக்குப் பொருந்தும் சட்டங்களையும் உத்தரவுகளையும் எழுதி ஒட்ட ஒரு சட்டக் கண்காணிப்புப் பலகை வைப்போம் என்று நான் முன்மொழிந்தபோது, "நாய், புறா வளர்க்கிற சங்கத்துக்கு இதெல்லாம் எதுக்கு சார்?" என்று கேட்டவர்கள் உண்டு. டிசம்பர் மாதம் அதே உறுப்பினர்கள் இரவு பத்து மணிக்குப் போன் செய்து நாய்க்கு உரிமம் இல்லாவிட்டால் அபராதம் எவ்வளவு என்று கேட்டார்கள். ஆகவே இதெல்லாம் எதுக்கு என்ற அந்தக் கேள்விக்கு இங்கே கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்கிறேன்.

நமக்கு வரும் சட்டங்கள் ஒரே வாசல் வழியாக வருவதில்லை. மத்திய அரசு 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் விதி போடுவதென்றால், 38ஆம் பிரிவின்படி முதலில் வரைவை அரசிதழில் வெளியிட வேண்டும். ஆட்சேபணை சொல்ல நாள் கொடுப்பார்கள், பெரும்பாலும் 30 நாள். அந்த நாள்களுக்குள் எழுதிய கடிதத்தை அவர்கள் பரிசீலித்தே ஆக வேண்டும். மாநில அரசின் கொள்கைக்கும் அரசாணைக்கும் அந்தக் கட்டாயம் இல்லை. சட்டமன்றத்தில் கால்நடைத் துறை மானியக் கோரிக்கையின்போது வைக்கப்படும் கொள்கை விளக்கக் குறிப்பைப் படித்தால்தான் வரப்போவது ஓரளவு தெரியும். சென்னை மாநகராட்சி விஷயம் ரிப்பன் மாளிகையில் மன்றக் கூட்டத்தில் தீர்மானமாக வரும். அங்கே நமக்கு இருக்கும் ஒரே கதவு வார்டு கவுன்சிலர்தான். கூட்டத்துக்கு முன்பே அவரைப் பார்த்தால் பேசுவார். தீர்மானம் நிறைவேறிய பிறகு போய் நின்றால் அவர் மட்டும் என்ன செய்ய முடியும்?

குரல் கொடுத்தால் பலன் உண்டா என்று சந்தேகப்படுபவர்கள் கொளத்தூர் வண்ணமீன் பண்ணைக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள். 2017 மே மாதம் மத்திய அரசு மீன் காட்சியகங்களுக்கும் தொட்டி மீன் கடைகளுக்கும் விதிகள் போட்டது. கண்ணாடிக் கிண்ணத்தில் மீன் வைக்கக் கூடாது, இன்னின்ன மீன்களை விற்கக் கூடாது என்று நீண்ட பட்டியல். தொழில் செய்பவர்கள் விடாமல் எழுதினார்கள், எதிர்ப்புக் காட்டினார்கள். மத்திய அரசு அந்த விதிகளைத் திரும்பப் பெற்றது. அதே மாதம் வந்த நாய் இனப்பெருக்க விதிகள் இன்றும் அமலில் இருக்கின்றன.

2024 மார்ச் 12 சுற்றறிக்கை இன்னொரு பாடம். 23 வகை நாய்களை இறக்குமதி செய்யவோ, இனப்பெருக்கம் செய்யவோ, விற்கவோ அனுமதிக்கக் கூடாது என்று மத்திய கால்நடைத் துறை மாநிலங்களுக்கு எழுதியது. அடுத்த மாதமே கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. சம்பந்தப்பட்டவர்களைக் கலந்து பேசாமல் முடிவெடுத்தது முக்கியக் காரணம். பிறகு மே மாதம் பொதுமக்களிடம் கருத்துக் கேட்டார்கள். நம் சங்கத்தில் எத்தனை பேர் எழுதினோம் என்று ஒவ்வொருவரும் மனதைத் தொட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். கேட்கவில்லையே என்று வழக்குப் போடவும் ஆள் வேண்டும், கேட்டால் பதில் எழுதவும் ஆள் வேண்டும்.

அதே 2024இல் தமிழ்நாடு அரசின் நாய் இனப்பெருக்கக் கொள்கை வந்தது. நம் வெயிலுக்கு ஒத்துவராத, மூச்சுத் திணறலும் பிற நோய்களும் வரக்கூடிய 11 வகைகளை இங்கே இனப்பெருக்கம் செய்யக் கூடாது என்றது அது. செயின்ட் பெர்னார்ட், சைபீரியன் ஹஸ்கி போன்றவற்றோடு நம் பகுதியில் வீட்டுக்கு வீடு இருக்கும் பக் நாயும் அதில் இருந்தது. கையில் இருக்கும் பக் நாயைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று யாரோ கிளப்பிவிட, பல வீடுகளில் கலவரம். கொள்கை பேசியது இனப்பெருக்கத்தைப் பற்றி. ஏற்கெனவே வளரும் நாயைப் பறிக்கச் சொல்லவில்லை. அதைத் தமிழில் எழுதி ஒட்டிய பிறகுதான் போன்கள் குறைந்தன. சாதி நாய்களைப் பதிவு செய்யும் அமைப்பான கென்னல் கிளப் தரப்பிலிருந்து விஷயம் உயர் நீதிமன்றத்துக்கும் போனது. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை, கன்னி ஆகிய நம் நாட்டு இனங்களை ஊக்குவிக்கும் பகுதியும் அதே கொள்கையில் உண்டு. அதை நம் உறுப்பினர்கள் யாரும் பேசாதது எனக்கு வருத்தம்தான்.

பலகையைப் பற்றி ஒரு வார்த்தை. மஞ்சள் தாள் வரைவு நிலையில் இருப்பவற்றுக்கு, சிவப்புத் தாள் அமலுக்கு வந்தவற்றுக்கு, வெள்ளைத் தாள் நீதிமன்ற உத்தரவுகளுக்கு. ஒவ்வொரு தாளிலும் என்ன விஷயம், யாருக்குப் பொருந்தும், கடைசி நாள் எது, யாருக்கு எழுத வேண்டும் என்று நாலு வரி. ஸ்கெட்ச் பேனாவால் பெரிய எழுத்தில் எழுதுவதால் கண்ணாடி இல்லாதவர்களும் படிக்கலாம். ஆங்கில அரசிதழைப் படித்து இந்த நாலு வரியாக்குவது பெரும்பாலும் என் ராத்திரி வேலை.

2025இல் அதிகம் நிறைந்தது வெள்ளையும் சிவப்பும்தான். தெருநாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஆகஸ்ட் 11 அன்று டெல்லிப் பகுதிக்கு ஒரு உத்தரவு போட்டது. ஆகஸ்ட் 22 அன்று அதை மாற்றி, கருத்தடையும் தடுப்பூசியும் போட்ட நாயைப் பிடித்த இடத்திலேயே விட வேண்டும், வெறிநோய் உள்ளதையும் மூர்க்கமானதையும் விடக் கூடாது, சோறு போடுவதற்கு வார்டுதோறும் தனி இடம் ஒதுக்க வேண்டும் என்றது. நவம்பர் 7 அன்று பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களிலிருந்து நாய்களை அகற்றச் சொன்னது. தெருவில் சோறு வைக்கும் நம் உறுப்பினர்கள், அதிலும் பெண்கள், அக்கம்பக்கத்தாரிடம் வாங்கிய ஏச்சு கொஞ்சமல்ல. உத்தரவின் தமிழ்ச் சுருக்கத்தை ஜெராக்ஸ் எடுத்துக் கையில் கொடுத்தோம். ஓரமாக இடம் பார்த்து வைக்கிறோம் என்று சண்டையில்லாமல் பேச அது உதவியதாகப் பழைய வண்ணாரப்பேட்டை உறுப்பினர் ஒருவர் சொன்னார்.

அப்புறம் வளர்ப்பு நாய்க்கான மாநகராட்சி உரிமம். ஆண்டுக்கு 50 ரூபாய் கட்டணம், வெறிநோய்த் தடுப்பூசிச் சான்று, உரிமையாளர் படம், நாயின் படம், இத்தோடு இப்போது நாயின் தோலுக்கடியில் வைக்கும் அடையாள மைக்ரோசிப். உரிமம் இல்லாவிட்டால் 5,000 ரூபாய் அபராதம். கெடு முதலில் நவம்பர் 23, பிறகு டிசம்பர் 7, கடைசியில் டிசம்பர் 14 என்று தள்ளிப்போனது. சிவப்புத் தாளை முதல் கெடுவுக்கு வெகு முன்பே ஒட்டிவிட்டேன். படித்தவர்கள் நிம்மதியாகப் போய் முடித்துக்கொண்டார்கள்.

இதற்காக மாநகராட்சியின் புளியந்தோப்பு செல்லப்பிராணி சிகிச்சை மையத்துக்கு உறுப்பினர்களைச் சேர்த்து அழைத்துப் போனோம். கொருக்குப்பேட்டை ஆயா ஒருவர், தெருவில் கிடந்ததை எடுத்து வளர்த்த கறுப்பு நாயைப் பழைய புடவைக் கிழிசலில் கட்டி இழுத்து வந்திருந்தார். "சாதி நாய்க்குத்தானே தம்பி லைசென்சு?" என்று கேட்டார். வீட்டில் வளர்த்தால் நாட்டு நாய்க்கும் வேண்டும் ஆயா என்று சொன்னேன். அரிசி மணி அளவு சிப்பைத் தோள்பட்டைகளுக்கு நடுவே தோலைத் தூக்கி ஊசியால் ஏற்றினார்கள். நாய் ஒருமுறை திரும்பிப் பார்த்ததோடு சரி. கருவியை மேலே காட்டியதும் 15 இலக்க எண் திரையில் வந்தது. அந்த எண்ணைத் தாளில் எழுதி வாங்கி, ரேஷன் கார்டு இருந்த பைக்குள் பத்திரப்படுத்திக்கொண்டார் ஆயா. அவர் சந்தாவும் பாக்கி இல்லாமல் கட்டுகிறார் என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

டிசம்பரில் மாநகராட்சி மன்றம் பிட்புல், ராட்வீலர் நாய் வகைகளுக்குப் புதிய உரிமம் கிடையாது, மீறி வளர்த்தால் 1 லட்சம் ரூபாய் அபராதம் என்று தீர்மானித்தது. இதில் என் கருத்தை மறைக்க விரும்பவில்லை. 2024 மே மாதம் நுங்கம்பாக்கம் பூங்காவில் ராட்வீலர்கள் கடித்து ஐந்து வயதுக் குழந்தை படுகாயம் அடைந்தது. அந்தக் குழந்தையைப் பற்றிப் பேசாமல் நம் உரிமையை மட்டும் பேசினால் எந்த அதிகாரியும் காது கொடுக்க மாட்டார், கொடுக்கவும் வேண்டியதில்லை. கயிறும் வாய்ப்பூட்டும் இல்லாமல் பெரிய நாயை வெளியே அழைத்து வருபவர் நம் உறுப்பினரே ஆனாலும் சங்கம் துணை நிற்காது. அதே சமயம், இனத்தின் பெயரை மட்டும் பார்க்காமல் அந்த நாயின் நடத்தையையும் வளர்ப்பவரின் பொறுப்பையும் பார்க்க வேண்டும், ஏற்கெனவே முறையாக வளர்ப்பவர்களை அலைக்கழிக்கக் கூடாது என்று மனு தயாரித்தோம்.

அந்த மனுவைப் பற்றித்தான் மனம் விட்டுச் சொல்ல வேண்டியிருக்கிறது. கையெழுத்துக்காகக் கூட்டிய சிறப்புக் கூட்டத்துக்கு வந்தவர்கள், போட்ட நாற்காலிகளில் பாதியைக்கூட நிரப்பவில்லை. குட்டி விற்பனை செய்யும் உறுப்பினர்கள் ஒருவர்கூட வரவில்லை. பெயர் வெளியே தெரிந்தால் பதிவு கேட்பார்கள் என்ற பயம் அவர்களுக்கு. பதிவு கேட்கத்தான் செய்வார்கள், ஏனென்றால் 2017 விதிப்படி இனப்பெருக்கம் செய்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்தே ஆக வேண்டும். கட்டணம் 5,000 ரூபாய், இரண்டு ஆண்டுக்குச் செல்லும். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. ஒரு ஈத்துக் குட்டிகளை விற்றாலே இந்தக் கட்டணம் வந்துவிடும். பதிவு இல்லாதவர் கூட்டத்துக்கு வரப் பயப்படுகிறார், மனுவில் கையெழுத்துப் போடப் பயப்படுகிறார். கடைசியில் அவர் தொழிலைப் பற்றிய சட்டத்தை அவர் இல்லாமலேயே எழுதுகிறார்கள். பதிவு செய்ய விரும்புவோருக்கு விண்ணப்பம் நிரப்பித் தர நான் தயார்.

பறவை வளர்ப்பவர்களும் கவனிக்க வேண்டும். பச்சைக்கிளி வளர்ப்பது 1972 வன உயிரினச் சட்டப்படி குற்றம், 2022 திருத்தத்துக்குப் பிறகும் அப்படியே. பாசமாக வளர்த்தேன் என்பது பதிலாகாது. ஆப்பிரிக்கன் கிரே, சன் கான்யூர் போன்ற வெளிநாட்டுப் பறவை வைத்திருப்பவர்கள் 2024 பிப்ரவரி 28 விதிகளின்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும். குஞ்சு பொரித்தாலும், இறந்தாலும், கை மாறினாலும் தெரிவிக்க வேண்டும். கொடுத்த ஆறு மாத அவகாசம் அந்த ஆகஸ்டிலேயே முடிந்துவிட்டது. நாம் காதல் பறவை என்று சொல்லும் பட்ஜி, காக்கட்டீல் கிளி வளர்ப்பவர்களுக்கு இந்தப் பதிவு இல்லை. பந்தயப் புறா நண்பர்கள் சட்டம் நமக்கில்லை என்று நினைக்க வேண்டாம். உடம்பை அசைக்க முடியாத அளவுக்குச் சின்னக் கூண்டில் அடைப்பது 1960 சட்டத்தின் 11ஆம் பிரிவில் எல்லா உயிருக்கும் பொதுவான குற்றம்.

கணக்கு விவரம்: சந்தா, நன்கொடை, முகாம் வசூல் ஆகியவை வரவு. மண்டப வாடகை, ஜெராக்ஸ், தண்ணீர்த் தொட்டி, முகாம் செலவு ஆகியவை செலவு. செலவு வரவுக்குள் அடங்கி, சிறு கையிருப்பு உள்ளது. தணிக்கை செய்த கணக்கைப் பொருளாளரிடம் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் சந்தா பாக்கி வைத்திருப்பவர்களின் பட்டியல் கட்டியவர்களின் பட்டியலைவிட நீளம். உரிம முகாமுக்கு எங்களோடு வந்து வேலையை முடித்துக்கொண்டவர்களிலும் பலர் அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள். பெயர்களை வாசிக்கச் சொல்லிச் செயற்குழுவில் கருத்து வந்தது. இந்த ஆண்டு வேண்டாம் என்று நான்தான் தடுத்தேன்.

முகாம்களுக்கு வந்து உதவிய கால்நடை மருத்துவர்களுக்கும், மனுவைப் பொறுமையாகப் படித்த கவுன்சிலர்களுக்கும், மண்டபம் தந்தவர்களுக்கும், தேநீர் ஏற்பாடு செய்த மகளிர் உறுப்பினர்களுக்கும் நன்றி.

வரும் ஆண்டைப் பற்றி. 1960 சட்டத்தில் வதைக்கான முதல் அபராதம் இன்னமும் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய்தான். அதை மாற்றுவதற்கான திருத்த வரைவை 2022 நவம்பரில் வெளியிட்டுக் கருத்துக் கேட்டார்கள். அது எப்போது வேண்டுமானாலும் மறுபடி தலைதூக்கலாம். வரவேற்க வேண்டிய திருத்தம் என்பதே என் எண்ணம், ஆனால் படித்துப் பார்த்து வரவேற்க வேண்டும். அதற்கு ஒரு ஆள் போதாது. அரசிதழ் பார்க்க ஒருவர், மன்றக் கூட்டத் தீர்மானங்களைப் பார்க்க ஒருவர், நீதிமன்ற உத்தரவுகளைப் பின்தொடர ஒருவர் என மூன்று பேர் வேண்டும். கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் இருந்தால் அனுப்புங்கள், நான் சொல்லித் தருகிறேன். பொதுக்குழு விரும்பினால் பொறுப்பில் தொடர எனக்குச் சம்மதம். ஆனால் பலகைக்கு ஆள் வராவிட்டால், மார்ச்சுக்குப் பிறகு அதில் புதுத் தாள் ஒட்டுவதாக என்னால் வாக்குத் தர முடியாது. கூட்டம் முடிந்ததும் பொருளாளர் ரசீதுப் புத்தகத்தோடு வாசல் மேசையில் இருப்பார். மூன்று பேரின் பெயர் எழுதும் நோட்டும் அங்கேயே இருக்கிறது.

இப்படிக்கு,
செயலாளர்