ஆவுளியாவுக்காக அறுபடும் வலைகள்

ஆசிரியருக்கு வணக்கம்.

பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 1964 முதல் பேணிவரும் சிவப்புப் பட்டியலில் அழியும் ஆபத்துள்ள உயிரினமாக இடம்பெற்றிருக்கும் கடற்பசு, எங்கள் சேதுபாவாசத்திரம் கடற்கரையில் 'ஆவுளியா'. தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய கடலில் 448 சதுர கிலோமீட்டரை 2022-இல் தமிழக அரசு அதன் பாதுகாப்பகமாக அறிவித்தது பெருமைக்குரியது. ஆனால், வலையில் சிக்கிய ஆவுளியா மூச்சுவிட மேலே வர முடியாமல் இறந்துவிடும் என்பதால், அதன் உயிர் மீனவரின் கத்தியில்தான் இருக்கிறது. அண்மையில், கடற்புல் ஒட்டிக்கிடந்த வலையின் பெருங்கிழிசலைப் பின்னிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், "குட்டியோட இருந்துச்சு, பாவம், அறுத்து விட்டுட்டோம்" என்றார். இழந்த வலைக்கு ஈடான தொகை இத்தகையோருக்குத் தாமதமின்றிக் கிடைக்கவும், அவர்கள் கண்ட இடமும் நாளும் கணக்கெடுப்பில் பதிவாகவும் அரசு வழிசெய்ய வேண்டும்.

– வாசகர், பேராவூரணி