ரோசீன் ஊராருக்கும் நண்பர்களுக்கும் நன்றி

அன்புடையீர்,

வணக்கம். அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில், 62ஆம் எண் நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கும் சிற்றூர் ரோசீன். அங்கே ஒரு பழைய மரக்கொட்டகையில் வெள்ளிக்கிழமை மாலைகளில், தந்தி வாத்தியங்களோடு பாடும் அமெரிக்க நாட்டுப்புற வகையான புளூகிராஸ் இசை நடக்கிறது. அங்கு எங்களை அழைத்துப் போனவர்களுக்கும், உட்கார இடம் தந்தவர்களுக்கும், என் மகளைத் தங்களோடு சேர்ந்து வாசிக்க வைத்தவர்களுக்கும் நன்றி சொல்லவே இம்மடல். ஊராருக்கு மகள் ஆங்கிலத்தில் தனியே எழுதிவிட்டாள். ஆனால் அவர்கள் செய்ததை நம் இசை அன்பர்களும் அறிய வேண்டும் என்பது என் ஆசை.

முதல் நன்றி, கென்டக்கியின் ஓவன்ஸ்பரோ நகரில் இருக்கும் நண்பர் குடும்பத்துக்கு. "கேட்க மட்டும் வராதீர்கள், வயலினையும் எடுத்து வாருங்கள்" என்று வற்புறுத்தியவர்கள் அவர்கள்தான். மகள் கூச்சப்பட்டாள். கர்நாடக இசை மட்டுமே கற்றவள், அந்த இசையில் எங்கே நுழைவது என்று தயங்கினாள். அவள் தயக்கத்தைப் பேசிப் பேசியே கரைத்த அந்த வீட்டு அண்ணிக்கு நான் என்றென்றும் கடமைப்பட்டிருக்கிறேன்.

கொட்டகைக்கு உள்ளே நடப்பது ஒரு கச்சேரி என்றால், வெளியே வண்டிகள் நிறுத்தும் இடத்தில் நடப்பது இன்னொன்று. மடக்கு நாற்காலிகளைப் போட்டுக்கொண்டு வட்டமாகக் கூடி வாசிக்கிறார்கள். ஃபிடில் (நம் வயலின்தான், அங்கே பெயர் அப்படி), வட்டமான தோல் முகம் கொண்ட தந்தி வாத்தியமான பாஞ்சோ, மாண்டலின், கிட்டார், ஆள் உயரத்துக்கு நிற்கும் பேஸ். தாள வாத்தியமே கிடையாது. மாண்டலின்காரர் கம்பிகளை மீட்டிய வேகத்தில் விரலைத் தளர்த்தி நாதத்தை அடக்கிவிடுகிறார். 'சக்' என்ற அந்த ஒலி எதிரடியில் விழுந்துகொண்டே இருக்கிறது. மிருதங்கம் இல்லாத குறையே தெரியவில்லை. ஒருவர் பாடி முடித்ததும் அடுத்தவரைப் பார்த்துத் தலையசைக்கிறார். அவர் தன் பங்கை வாசித்துவிட்டு மற்றவருக்குக் கைமாற்றுகிறார். புதிதாக வந்தவருக்கும் அந்தத் தலையசைப்பு உண்டு. அதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

மகளின் முறை வந்தபோது, வயலினைத் தரையில் உட்கார்ந்து வாசிப்பாள் என்று தயங்கிச் சொன்னோம். யாரும் வியப்புக் காட்டவில்லை. ஓர் அம்மையார் தம் வண்டியிலிருந்து, துணித்துண்டுகளை இணைத்துத் தைத்த போர்வை ஒன்றைக் கொண்டுவந்து புல்லின் மேல் விரித்தார். நின்றிருந்தவர்கள் நாற்காலிகளை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்கள், அவள் மட்டும் தாழ இருக்கக் கூடாது என்பதற்காக. அம்மா, உங்கள் பெயரைக்கூட நான் கேட்கவில்லை. அந்தப் போர்வையை மறக்க மாட்டேன்.

அவர்கள் 'ஜி' சுருதியில் வாசித்துக்கொண்டிருந்தார்கள். நம் கணக்கில் ஐந்து கட்டை. அதற்குச் சேர்க்கப் பிருடையை (கம்பியை முறுக்கும் முளையை) திருகியபோது, பழைய மேல்கம்பி பட்டென்று அறுந்தது. மகள் முகம் வாடிவிட்டது. ஃபிடில் வாசித்த முதியவர் ஒன்றும் பேசாமல் தம் பெட்டியைத் திறந்து, உறை பிரிக்காத கம்பி ஒன்றை எடுத்துத் தாமே மாட்டிக் கொடுத்தார். அவள் நான்கு கம்பிகளையும் ச-ப-ச-ப என்று சேர்ப்பதைக் காது கொடுத்துக் கேட்டவர், திடீரென்று சிரித்தார். ஃபிடில் பொதுவாக வேறு விதமாகத்தான் சேர்க்கப்படும். ஆனால் அப்பலாச்சிய மலைநாட்டின் பழைய பாட்டுகளுக்கு இதே மாதிரி சேர்ப்பதும் உண்டாம். தம் வில்லை எடுத்து அப்படி ஒரு மெட்டையும் வாசித்துக் காட்டினார். மகள் மோகன ராகத்தில் பதில் சொன்னாள். அந்த ஐந்து சுரங்கள் அவர்களுடைய மெட்டுகளிலும் நிறையப் புழங்குவதால் பாஞ்சோவும் கிட்டாரும் தடங்கலின்றிச் சேர்ந்துகொண்டன. அங்கே மாண்டலினைக் கேட்கக் கேட்க, மாண்டலினில் கர்நாடக இசை வாசித்த நம் யு.ஸ்ரீநிவாஸ் இந்த வட்டத்தில் உட்கார்ந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்ற எண்ணம் என்னை விடவில்லை.

உயிரோடு இல்லாத சிலருக்கும் நன்றி சொல்லியாக வேண்டும். புளூகிராஸின் தந்தை என்று போற்றப்படும் பில் மன்றோ 1911இல் ரோசீனில் பிறந்தவர். பெற்றோரை இளவயதிலேயே இழந்த அவரைத் தம்மோடு வைத்துக்கொண்டவர் தாய்மாமன் பென் வான்டிவர். ஊர் நடனங்களில் ஃபிடில் வாசித்து வந்த அந்த மாமனின் பின்னால் கிட்டார் வாசித்தே பையன் தாளக்கட்டைக் கற்றான். இன்னொருவர் ஆர்னால்ட் ஷுல்ட்ஸ். நிலக்கரிச் சுரங்கத்தில் உழைத்த கறுப்பினக் கலைஞர். கிட்டாரிலும் ஃபிடிலிலும் தேர்ந்தவர். தம் இசையில் அவருடைய தாக்கம் உண்டு என்று மன்றோவே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். 1931இல் ஷுல்ட்ஸ் இறந்தபோது அவர் வாசிப்பில் ஒரு பதிவுகூட மிஞ்சவில்லை. பாஞ்சோவும் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களோடு வந்த வாத்தியம்தான். இவர்களை விட்டுவிட்டு இந்த இசைக்கு நன்றி சொன்னால் அது அரைகுறை நன்றி. ஷுல்ட்ஸைப் பற்றி எங்களுக்கு முதலில் சொன்னவர், அன்று பேஸ் வாசித்த இளைஞர். தம்பி, உனக்குத் தனி நன்றி.

ஊர் அருங்காட்சியகத்தில் எங்கள் கேள்விகளுக்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்னவர்களுக்கும், இருட்டிய பிறகு நெடுஞ்சாலை வரை தம் வண்டியில் முன்னே சென்று வழிகாட்டிய தம்பதிக்கும் நன்றி. கொட்டகைக்குள் போக டிக்கெட் கிடையாது, விரும்பியதைப் போடலாம். அந்தப் பக்கம் போகிற தமிழன்பர்கள் கை நிறையப் போட்டுவிட்டு வாருங்கள்.

கடைசியாக, ஃபிடில் வாசித்த பெரியவருக்கு. ஐயா, கம்பிக்குக் காசு வாங்க மறுத்துவிட்டீர்கள். ஒரு செட் புதுக் கம்பிகளும், மகள் மோகனத்தில் வாசித்த வர்ணத்தின் பதிவும் நண்பர் மூலம் உங்களை வந்து சேரும். இதையும் மறுத்துவிடாதீர்கள். மறுபடி வரும்போது அந்த மலைநாட்டு மெட்டு முழுவதையும் கற்றுத் தருவதாகச் சொல்லியிருக்கிறீர்கள். மகள் இப்போதே சுருதி சேர்த்துக் காத்திருக்கிறாள்.

நன்றியுடன்,
நாஷ்வில்லிலிருந்து ஒரு தாய்