விதைப் பொட்டலத்தை எங்கே அனுப்ப?

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. மஞ்சக்குப்பத்தில் எல்லோரும் நலம். அப்பாவுக்கு முழங்கால் தேவலை. போன் செய்தால் மீட்டிங் என்கிறாய், சரி, அதனால்தான் கடிதம்.

நீ அனுப்பிய போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். உங்கள் பால்கனிக் கம்பி பச்சை நிறம்தானே? இதில் கறுப்பாக இருக்கிறது. பெயிண்ட் மாற்றினீர்களா?

தொட்டியில் இருப்பது உன்னிச்செடி. பட்டாம்பூச்சி வரும் என்று சொல்லித்தான் நர்சரியில் விற்றிருப்பார்கள். வரும், தேன் குடிக்கும், போய்விடும். அமெரிக்காவிலிருந்து வந்த செடி அது. நம் ஊர்ப் புழுக்களுக்கு அதன் இலை ஆகாது. பட்டாம்பூச்சிக்குப் பூ மட்டும் போதாது பாப்பா, முட்டை வைக்க அதற்கென்று இலை வேண்டும். வெந்தய வரியனுக்கு எருக்கு, எலுமிச்சை அழகிக்கு எலுமிச்சையும் நாரத்தையும், வெளிர்மஞ்சளாகப் பறக்குமே அதற்கு ஆவாரை.

உனக்குத் தெரியாததா? 2011இல் 'தானே' புயலில் பலாவும் முருங்கையும் சாய்ந்து கொல்லை மொட்டையாக நின்றபோது, கெடிலக்கரையிலிருந்து ஆவாரை நெற்றுப் பறித்துவந்து தூவியது நீதான். பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்லிச் சொல்லி மாய்ந்தேன். இப்போது வேலியோரம் முழுக்க ஆவாரைதான். தீபாவளிக்கு வந்திருந்தால் பார்த்திருப்பாய். வரவில்லை.

இந்த மழைக்கு எருக்கில் நிறையப் புழு. வெள்ளை, கறுப்பு, மஞ்சள் என்று வரிவரியாக உடம்பு, முதுகில் மூன்று ஜோடிக் கறுப்புக் கொம்பு. இலையின் ஓரத்தில் தொடங்கி அரைவட்டமாகத் தின்றுகொண்டே போகிறது. எருக்கம்பாலின் நஞ்சு உடம்பில் சேர்வதால் குருவிகள் பெரும்பாலும் தொடுவதில்லை. நாள் பூரா உட்கார்ந்து பார்க்கலாம்.

எருக்கு முளைத்த வீடு விளங்காது என்கிறாள் எதிர்வீட்டு அக்கா. "அதனாலதான் உம் பொண்ணு..." என்று ஏதோ ஆரம்பித்தாள், நான் எழுந்து வந்துவிட்டேன். பிள்ளையாருக்கு எருக்கமாலை போடுகிறோம், அது எங்கிருந்து வருகிறதாம்?

ஆவாரை விதைக்குத் தோல் கெட்டி. வெந்நீர் ஊற்றி ஒரு ராத்திரி ஊறவிட்டுப் பெரிய தொட்டியில் போடு. தும்பை விதையைச் சும்மா தூவினால் போதும். கிலுகிலுப்பைச் செடி காய்ந்துபோனாலும் பிடுங்காதே. ஆண் வரியன்கள் அந்தக் காய்ந்த தண்டைத் தேடி வந்து உறிஞ்சும். பெண்ணை அழைக்கும் வாசனைக்கு அதிலிருக்கும் சத்து அவற்றுக்கு வேண்டும். மருந்து மட்டும் அடிக்காதே. இலையெல்லாம் ஓட்டை விழும், விழட்டும். நேரத்துக்குச் சாப்பிடு. ராத்திரி கதவைத் தாழ்ப்பாள் போட்டுப் படு. வேப்பெண்ணெய்கூட வேண்டாம், மருந்தே அடிக்காதே.

அங்கே கோயம்புத்தூர்ப் பக்கம் போகிக்கு ஆவாரம்பூவும் பூளைப்பூவும் வேப்பிலையும் வைத்துக் காப்புக் கட்டுவார்களே, கட்ட ஆள் இல்லாவிட்டால் இங்கே வந்துவிடு.

விதைகளைத் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டிப் பெயர் எழுதி வைத்திருக்கிறேன். மாப்பிள்ளை வீட்டு முகவரிக்கே அனுப்பட்டுமா, வேறு முகவரி இருக்கிறதா? எதுவானாலும் ஏன் என்று நானும் அப்பாவும் கேட்கமாட்டோம். முகவரியை மட்டும் எழுது. கதவு எண்ணையும் பின்கோடையும் சரியாக எழுது.

அன்புடன்,
அம்மா