வாசகர் வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் ஆச்சி அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவில் முடிவானபடி, நாட்டின் உச்சப் பதவிக்குப் போட்டியிட்ட பெண்களைப் பற்றி இந்த ஆண்டு மாதக் கூட்டங்களில் பேசினோம். "ஜெயித்தவர்களோடு நிறுத்தாதீர்கள், தோற்றவர்களையும் சேருங்கள்" என்று தலைவர் சொன்னது நல்லதாயிற்று. என்னைக் கேட்டால் தோற்றவர்கள் கதையில்தான் சுவை அதிகம்.

முதல் கூட்டம் அமெரிக்காவின் விக்டோரியா உட்ஹல். 1872இல் ஜனாதிபதி பதவிக்கு நின்றார். சட்டம் கேட்ட 35 வயதுகூட அவருக்கு ஆகவில்லை. தேர்தல் நாளன்று சிறையில் இருந்தார். அந்த நாட்டில் பெண்களின் ஓட்டுரிமை அரசியல் சட்டத்தில் ஏறியது 1920இல்தான்.

அடுத்து இலங்கை. கொழும்பில் கொடுக்கல் வாங்கல் செய்த குடும்பங்கள் நம்மில் பல என்பதால் அன்று முகப்பு நிறைந்துவிட்டது. 1960 ஜூலையில் உலகின் முதல் பெண் பிரதமரான சிறிமாவோ பண்டாரநாயக்க, அந்தத் தேர்தலில் கட்சியை நடத்தினாரே தவிர, தான் எந்தத் தொகுதியிலும் நிற்கவில்லை. செனட் என்ற மேலவை வழியாகப் பிரதமரானார். அவரும் நம் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் 1964இல் போட்ட ஒப்பந்தத்தில்தான் 5,25,000 மலையகத் தமிழரை இந்தியா ஏற்பது என்றானது. அவர்களில் யாரையும் யாரும் கலந்து கேட்கவில்லை. 'முதல் பெண்' என்று கைதட்டிவிட்டு இதைச் சொல்லாமல் போவது சரியில்லை என்று அன்று ஒரு மூத்த ஆச்சி கறாராகச் சொன்னார். அது குறிப்பேட்டில் பதிவாகியிருக்கிறது.

அதிகம் வாக்குவாதம் நடந்தது கேப்டன் லட்சுமி கூட்டத்தில். சென்னையில் மருத்துவம் படித்து, சிங்கப்பூர் போய், 1943இல் நேதாஜியின் ஜான்சி ராணிப் படைக்குத் தலைமை ஏற்றவர். மலேயா ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள் அந்தப் படையில் நிறையப் பேர். 2002இல், 87 வயதில், இடதுசாரிகள் அவரை ஜனாதிபதி தேர்தலில் நிறுத்தினார்கள். எதிரே நம் பழைய முகவை (ராமநாதபுரம்) மாவட்டத்துப் பிள்ளை அப்துல் கலாம்! காங்கிரசும் பா.ஜ.க.வும் அவர் பக்கம். ஓட்டு மதிப்பு 9,22,884க்கு 1,07,366. தோற்பது தெரிந்தே எதற்கு நிற்க வேண்டும் என்று பாதிப்பேர். போட்டியே இல்லாமல் ஒருவர் ஜனாதிபதி ஆவது அழகா என்று மீதிப்பேர். கந்தரப்பம் வந்த பிறகுதான் சத்தம் அடங்கியது. நான் இரண்டாவது கட்சி.

ஐஸ்லாந்தில் 1980இல் வென்ற விக்டிஸ், 2007இல் நம் பிரதிபா பாட்டீல், 2024இல் தோற்ற கமலா ஹாரிஸ் ஆகியோரை மழைக்கால மாதங்களில் கொஞ்சம் அவசரமாகவே முடித்தோம். வருகை குறைவு.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

கடைசியாக ஒன்று. இதுவரை நம் தலைவர் தேர்வு ஏகமனதாகவே நடந்துவந்தது. இந்த முறை இரண்டு மனு வந்திருக்கிறது. வாக்குச்சீட்டு தயார். சந்தா பாக்கி உள்ளவர்களுக்கு ஓட்டு இல்லை என்பது விதி. அப்புறம் வருத்தப்பட வேண்டாம், பொருளாளர் முகப்பிலேயே ரசீதுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கிறார்.

இப்படிக்கு,
செயலாளர், காரைக்குடி