அக்காவுக்கு, சிங்கப்பூர் ஈசூனிலிருந்து

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். நீயும் அத்தானும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன் இருக்கும்போது இவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போன ஞாயிற்றுக்கிழமை பேசினோமே, பாதி நேரம் நீ குக்கர் விசிலுக்கு எழுந்து போனாய், மீதி நேரம் லைன் விட்டுவிட்டு வந்தது. நடுவில் "வேலையை விட்டுட்டு ஊர் சுத்துறியாமே" என்று ஒன்று கேட்டாய், அதற்கு நான் சரியாகப் பதில் சொல்லாமல் பேச்சை மாற்றிவிட்டேன். அன்று ராத்திரி தூக்கமே வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன், நிதானமாகப் படி.

ஆமாம் அக்கா, விட்டுவிட்டேன். 18 வருடம் கணக்கு எழுதிய ஆபீஸ். அங்கே யாரோடும் சண்டை இல்லை, கேக் வெட்டி நல்லபடியாகத்தான் வழியனுப்பினார்கள். ஆனால் அம்மா போனபோது நடந்தது என் மனதை விட்டுப் போகவே இல்லை. இந்த ஊர்ச் சட்டப்படி முதல் வருடம் 7 நாள் லீவு, வருடத்துக்கு ஒரு நாளாகக் கூடி எட்டாவது வருடத்தில் 14 நாள். எங்கள் ஆபீசில் அதற்கு மேல் கிடையாது. அந்த வருடம் பையனுக்குக் காய்ச்சல், பரீட்சை என்று எடுத்ததுபோக எனக்கு மிச்சம் இருந்தது ஐந்தே நாள். அம்மாவைக் கொண்டுபோன பிறகுதான் வந்து சேர்ந்தேன், காரியத்துக்கு இருக்காமல் திரும்பினேன். திருச்சி ஏர்போர்ட்டில் நீ என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் நின்றாய். நான்கு மணி நேரம் பறந்து வந்து மறுநாள் காலை ஒன்பது மணிக்கு நாற்காலியில் உட்கார்ந்து யாரோ ஒருவருடைய பில்லைக் கூட்டிக்கொண்டிருந்தேன். அது 2018.

அப்புறம் கொரோனா. பாலத்துக்கு அந்தப் பக்கம், மலேசியாவில், ஜொகூர் பாருவில் என் தோழி இருக்கிறாளே, நான் 2003-ல் கல்யாணமாகி இங்கே வந்த புதிதில் பக்கத்து வீட்டில் இருந்து எனக்குப் பஸ் ஏறக்கூடக் கற்றுக்கொடுத்தாளே, அவள்தான். உட்லண்ட்ஸிலிருந்து கடல்பாலம் ஒரு கிலோமீட்டர் சொச்சம்தான், நம் வீட்டிலிருந்து ராஜகோபாலசாமி கோயிலுக்கு நடக்கிற தூரம். 2020 மார்ச்சில் அந்தப் பாலத்தை மூடினார்கள், முழுசாகத் திறந்தது 2022 ஏப்ரல் 1-ஆம் தேதி. அதற்கு நடுவில் அவள் வீட்டுக்காரர் போய்விட்டார். அக்கரையில் அவள் அழுகிறாள், இக்கரையில் நான் போனைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். பாலம் திறந்த பிறகாவது உடனே போனேனா? இல்லை. வருடக் கணக்கு முடிக்கிற நேரம், இந்த வாரம் வேண்டாம், அடுத்த வாரம் பார்க்கலாம் என்று நான்கு மாதம் தள்ளினேன். அதுதான் எனக்கே என்மேல் கோபம் வந்த இடம். பாலம் மூடியிருந்தபோது மூடியது கவர்மெண்ட். திறந்த பிறகும் போகாதது நான்.

சரி, இப்போது எப்படி இருக்கிறோம் என்று சொல்கிறேன். திங்கள் முதல் வியாழன் வரை சாயங்காலம் வீட்டிலேயே பிள்ளைகளுக்குத் தமிழ் டியூஷன். ஒரு நேரத்தில் மூன்று பேருக்கு மேல் உட்கார வைப்பதில்லை. இங்கே தமிழ்ப் பிள்ளைகள் பெரும்பாலும் தாய்மொழிப் பாடமாகத் தமிழ் படிக்கிறார்கள், தொடக்கநிலை ஆறாம் வகுப்பில் பெரிய தேர்வு உண்டு, அதில் தமிழும் சேர்த்தி. வீட்டில் ஆங்கிலம், பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம், தமிழ் வாரத்துக்குச் சில பாட நேரம்தான். பாவம், அதுகள் என்ன செய்யும். போன மாதம் ஒரு பையன் "டீச்சர், திண்ணை என்றால் என்ன" என்று கேட்டான். எங்கள் பதினோராவது மாடி வீட்டில் எதைக் காட்டுவது? லிஃப்டில் கீழே கூட்டிக்கொண்டு போனேன். இங்கே பெரும்பாலான புளோக்குகளுக்கு அடியில் சுவரே இல்லாமல் தூண்கள் மட்டும் நிற்கும் கீழ்த்தளம் இருக்கும், சீனர் வீட்டுச் சாவும் மலாய்க்காரர் வீட்டுக் கல்யாணமும் அங்கேதான் நடக்கும். சிமெண்டு பெஞ்சில் இரண்டு கிழவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கதை பேசிக்கொண்டிருந்தார்கள். "இதுதான் திண்ணை, ஆனால் எங்க ஊர்ல அவங்கவங்க வீட்டு வாசல்லயே இருக்கும்" என்றேன். அவனுக்கு ஒரே ஆச்சரியம். "யார் வேணும்னாலும் வந்து உட்காரலாமா" என்று கேட்டான். உட்காரலாம் என்று சொல்லும்போது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

பணம் குறைவுதான், மறைக்கவில்லை. சம்பளத்தில் ஏறக்குறைய பாதிதான் வருகிறது. அதோடு சேம நிதியில் முதலாளி போட்டுவந்த 17 சதவீதமும் நின்றுவிட்டது, வயதான காலத்துக்கு அது பெரிய காசு என்று இவருக்குக் கவலை உண்டு. இரண்டு பேரும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். வீட்டுக் கடன் இன்னும் மூன்று வருடம்தான். பையன் தேசிய சேவையில், அதாவது கட்டாய ராணுவ சேவையில் இருக்கிறான், இரண்டு வருடம் முகாம் வாசம், சனி ஞாயிறு மட்டும் அழுக்குத் துணி மூட்டையோடு வருகிறான். கார் கிடையாது, வாங்கப் போவதும் இல்லை. "நீ போய்ட்டு வா, நான் ரசம் வச்சுக்குறேன்" என்று இவர் சொன்னார். வைக்கிறார், புளி கொஞ்சம் தூக்கல், அவ்வளவுதான். இல்லாவிட்டால் கீழே காப்பிக்கடையில் பரோட்டா சாப்பிட்டுக்கொள்கிறார். நான் ஊருக்குப் போனால் துளசிக்குத் தண்ணீர் ஊற்றுவது எதிர்வீட்டு மலாய் அம்மா, சாவியே அவரிடம்தான் இருக்கிறது.

வேலையை விட்ட முதல் செவ்வாய்க்கிழமை காலை தேக்கா மார்க்கெட்டுக்குப் போனேன். இத்தனை வருடத்தில் வேலை நாள் காலையில் அங்கே நின்றதே இல்லை. முருங்கைக்கீரையும் வாழைப்பூவும் குவித்து வைத்திருக்கிறார்கள், கூட்டம் இல்லை, மீன்காரர் நிதானமாகப் பேசுகிறார். ஒரு டீ வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். யாரிடமும் மணி சொல்ல வேண்டியதில்லை என்ற நினைப்பு அப்போதுதான் உடம்பில் இறங்கியது. அதே தேக்கா பக்கம் ஞாயிறு சாயங்காலம் வந்து பார்க்க வேண்டும் அக்கா. நம் பக்கத்துப் பையன்கள் புல் தரையில் உட்கார்ந்து போனில் பிள்ளை முகத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டிருப்பார்கள். வொர்க் பெர்மிட்டில் வந்தவர்கள் குடும்பத்தைக் கூட்டி வர முடியாது, நினைத்தபோது ஊருக்குக் கிளம்பவும் முடியாது. அவர்களைப் பார்க்கும்போதெல்லாம், எனக்குக் கிடைத்திருக்கிற இந்தச் சௌகரியத்தை நாற்காலியிலேயே தேய்த்துத் தீர்த்துவிடக் கூடாது என்றுதான் தோன்றுகிறது.

இப்போது நான் சொல்ல வந்த விஷயம். அப்பாவின் இரும்புப் பெட்டியில் இருந்த நோட்டை நீ ஒரு தடவை போட்டோ எடுத்து அனுப்பினாயே, சின்ன தாத்தா குடும்பத்து விலாசம், மலேசியாவில் ஈப்போ பக்கம் சுங்கை சிப்புட்டில் ஒரு ரப்பர் தோட்டம். 2023 டிசம்பரிலிருந்து நம் பாஸ்போர்ட்டுக்கு மலேசியாவில் 30 நாள் வரை விசா வேண்டாம் என்று ஆக்கிவிட்டார்கள், இனி எனக்குச் சாக்கே இல்லை. பையைத் தூக்கிக்கொண்டு குயீன் ஸ்திரீட்டில் 170-ஆம் நம்பர் பஸ் ஏறினேன். உட்லண்ட்ஸில் இறங்கி பாஸ்போர்ட் சோதனை, மறுபடி பஸ், பாலத்தைத் தாண்டி இறங்கி இன்னொரு சோதனை, மறுபடி பஸ், அப்புறம் ஜொகூர் பாருவின் லார்க்கின் பஸ் நிலையம். இந்தத் தடவை தோழி வீட்டில் ஒரு ராத்திரி தங்கினேன், விடிகிற வரைக்கும் பேசினோம். மறுநாள் ஈப்போ பஸ், ஏழெட்டு மணி நேரம், வழியெல்லாம் செம்பனை, எண்ணெய் எடுக்கிற பனை.

சுங்கை சிப்புட்டில் அந்த விலாசத்தை வைத்துக்கொண்டு ஒரு மளிகைக் கடையில் கேட்டேன். "தோட்டமா? அந்த லயமெல்லாம் இடிச்சு ரொம்ப நாளாச்சும்மா" என்றார் கடைக்காரர். லயம் என்றால் தோட்டத்து ஆட்கள் குடியிருந்த வரிசை வீடுகள். எனக்குக் காலே நகரவில்லை. அவரோ யாருடைய மகள், எந்த ஊர் என்று ஒவ்வொன்றாக விசாரித்தார், மன்னார்குடி என்றதும் யாருக்கோ போன் போட்டார். கால் மணி நேரத்தில் ஒரு பெண் மோட்டார் சைக்கிளில் வந்து நின்றாள். சின்ன தாத்தா மகள் இருக்கிறாரே, நம் அத்தை, அவருடைய பேத்தி! ஹெல்மெட்டைக் கழற்றினாள், அச்சாக உன் சின்ன வயசு நெற்றி.

அத்தைக்கு 81 வயது. பார்வை மங்கல். என் முகத்தைத் தடவிப் பார்த்துவிட்டு "எங்க அண்ணன் மூக்கு" என்றார். மறுநாள் காலை எழுந்தவுடன் "பசியாறிட்டியா" என்று கேட்டார், அங்கே காலை சாப்பாட்டுக்கு அப்படித்தான் சொல்வது, எவ்வளவு நல்ல வார்த்தை பார். இருட்டோடு எழுந்து பிரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கு எடுக்கிற இடத்துக்குப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டுப் பால் மரம் வெட்டியது, மழை வந்தால் அன்றைக்குக் கூலி போனது, ரப்பரை அழித்துச் செம்பனை வைத்தது, தோட்டத்தை விட்டு எல்லோரும் டவுனுக்கு வந்தது, எல்லாம் சொன்னார். கை இன்னும் காய்த்துத்தான் இருக்கிறது.

12 வயதில் ஒரே ஒரு தடவை நம் ஊருக்கு வந்திருக்கிறார். ரஜூலா கப்பலில், சின்ன தாத்தாவோடு. நாகப்பட்டினத்தில் கப்பல் தூரத்திலேயே நின்றுவிட்டதாம், படகில் இறக்கிக் கரைக்குக் கொண்டுவந்தார்களாம், பயத்தில் அழுதாராம். மன்னார்குடியில் வேறு எதுவும் அவருக்கு ஞாபகம் இல்லை. குளம் மட்டும்தான். "கடல் மாதிரி இருக்குமே, நடுவுல ஒரு கோயில் இருக்குமே, அதுல இப்பவும் தண்ணி இருக்கா?" என்று மூன்று தடவை கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை அக்கா. ஹரித்ரா நதி என்கிற அந்தக் குளத்துக் கரையில் பிறந்து வளர்ந்தவள், கடைசியாக எப்போது அந்தப் படியில் உட்கார்ந்தேன் என்று எனக்கே ஞாபகம் இல்லை.

இதைத்தான் ஊர் சுற்றுகிறேன் என்று யாரோ உன்னிடம் சொல்லியிருக்கிறார்கள். தனியாகப் போகிறாளே என்று நீ பயப்படுவது புரிகிறது. இவருக்கும் பையனுக்கும் ஒவ்வொரு பஸ்ஸிலிருந்தும் மெசேஜ் போடுகிறேன், இனி உனக்கும் போடுகிறேன்.

பங்குனியில் வருகிறேன். ஐந்து நாள் இல்லை, முழுசாக ஒரு மாதம். ராஜகோபாலசாமி கோயில் வெண்ணெய்த்தாழித் திருவிழா பார்த்து எத்தனை வருடம் ஆச்சு. விருந்தாளி மாதிரி மெத்தை போட்டு வைக்காதே, உன் பக்கத்தில் பாய் போதும். அத்தையின் பேத்தியும் என்னோடு வரலாம், லீவு கேட்டுப் பார்க்கிறேன் என்றாள்.

அதற்கு முன்னால் ஒரு வேலை. அத்தானிடம் சொல்லி ஒரு நாள் விடியற்காலையில் குளத்தை வீடியோ எடுத்து அனுப்பு. நடுவில் இருக்கிற கோயில் தெரிய வேண்டும். அவருக்குக் கண் சரியாகத் தெரியாது, அதனால் யாராவது படியில் இறங்கித் தண்ணீரைக் கையால் அளையட்டும், அந்தச் சத்தம் நன்றாகக் கேட்கிற மாதிரி எடுக்கச் சொல். தண்ணீர் குறைவாக இருந்தாலும் பரவாயில்லை, அனுப்பு.

அன்புடன்,
உன் தங்கை