உப்பை இழுத்தது யார்?

ஆசிரியருக்கு வணக்கம்.

'ஊடுருவல்' என்ற சொல்லைப் பற்றிய கட்டுரை படித்தேன். அழையாத வீட்டுக்குள் நுழைவது, எல்லை தாண்டி வருவது, அப்புறம் பூமிக்கடியில் பாறைக்குழம்பு பழைய பாறைக்குள் புகுந்து இறுகுவது என்று விளக்கியிருந்தார்கள். சங்ககிரி மலைக் கருங்கல்லும் அப்படிப் பிறந்ததுதான். ஆனால் ராமநாதபுரம் கடற்கரையில் காலடியில் கிடப்பது மணல். நிலவியலில் எங்களைத் தொடும் ஊடுருவல் வேறு: கிணற்றில் ஏறும் கடல்நீர். அதைக் கட்டுரை விட்டுவிட்டது.

மணலில் இறங்கும் மழைநீர், கனமான உப்புநீருக்கு மேல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஓரடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே சுமார் 40 அடி வரை நல்ல தண்ணீர்தான். இது கைபன், ஹெர்ஸ்பெர்க் என்ற இரண்டு ஆய்வாளர்கள் போட்ட கணக்கு. மேலே ஓரடி குறைந்தால், நாளடைவில் உப்பு 40 அடி ஏறும்.

தனுஷ்கோடிப் பக்கம் மணலில் ஊற்றுத் தோண்டுபவர்களுக்குக் கணக்கு தேவைப்படவில்லை. கொஞ்சம் பறித்து, ஊறும்வரை காத்திருந்து, கலங்கலை இறைத்துவிட்டு, கொட்டாங்குச்சியால் மொண்டு குடத்தில் ஊற்றுவார்கள். ஆழமாகப் பறித்தால் கரிக்கும் என்று தெரிந்து அதோடு நிறுத்திக்கொள்வார்கள்.

மோட்டாருக்கு அந்தப் பொறுமை ஏது? எங்கள் பக்கத்துத் தோப்பில் போர் போட்டார்கள். முதல் அரைமணி நேரம் நல்ல தண்ணீர், அப்புறம் கரிப்பு. சில நாள் நிறுத்திப் போட்டால் கொஞ்சம் தேறுகிறது. அப்படியென்றால் கடல் எங்கே ஊடுருவியது? நாம்தான் இழுத்திருக்கிறோம்.

மண்டபம் பக்கம் வளர்க்கக் கொண்டுவந்த கப்பாபைகஸ் என்ற கடற்பாசியும் இதே கதைதான். பிலிப்பைன்ஸ் நாட்டுச் சரக்கு. மூங்கில் மிதவையில் கட்டி வளர்த்தது, குருசடைத் தீவின் பவளப்பாறை மேல் படர்ந்துவிட்டது. பாசியை ஊடுருவி என்கிறோம், கொண்டுவந்து விட்டவர்களை யாரும் அப்படிச் சொல்வதில்லை.

இதையும் ஒரு கட்டுரையாக, கோடைக்கு முன்பே போடுங்கள். போர் வண்டிக்காரர் "இன்னும் இருபது அடி இறக்கினால் நல்ல தண்ணி வந்துடும்" என்று சொல்லும்போது, கடன் வாங்கிக் கொடுக்கிறவர்கள் எங்கள் ஊரில் இன்னும் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
உச்சிப்புளி